விபீஷண சரணாகதியில் விளங்கும் ஆலோசனை நெறி

ஸ்ரீமத் ராமாயணத்தைச் சரணாகதி சாஸ்திரம் என்றே நம் பூர்வாசார்யர்கள் போற்றுவர். அதிலும் யுத்தகாண்டத்தில் 17 முதல் 19 வரையுள்ள ஸர்க்கங்களில் அமைந்த ஸ்ரீவிபீஷணாழ்வானுடைய சரணாகதியை அந்த சாஸ்திரத்தின் உயிர்நிலையாகக் கொள்வர். ஸ்வாமி வேதாந்த தேசிகன் இப்பகுதியை முதன்மையாகக் கொண்டு 'அபயப்ரதான ஸாரம்' என்னும் ரஹஸ்ய கிரந்தத்தை அருளிச்செய்தார். சரணம் புகுவோனின் தகுதி, அவன் கூறும் வார்த்தை, ஏற்பவனுடைய நீர்மை ஆகியவை பற்றி உபந்யாஸகர்கள் விரிவாகக் கூறக் கேட்டிருக்கிறோம். எனினும் அப்பகுதியில் உலகியலுக்கு இன்றியமையாத வேறொரு பாடமும் பொதிந்து கிடக்கிறது. ஒரு காரியத்தை நிச்சயிக்க வேண்டிய தருணத்தில் நெஞ்சில் சட்டென்று எழும் உணர்வை நம்புவதா, அல்லது நின்று நிதானித்து ஒவ்வொன்றாக ஆராய்வதா என்பதே அது. இவ்விரண்டுக்கும் இடையே தடுமாறாத மனிதர் இல்லை. வால்மீகி பகவான் அத்தடுமாற்றத்தை ஒரு கடற்கரையில், ஒரு பெரும் சேனையின் நடுவே நிறுத்திக் காட்டுகிறார்.

வானர சேனை கடலின் வடகரையில் தங்கியிருக்கிறது. கடலைக் கடக்க வழி இன்னும் புலப்படவில்லை. அப்போது நான்கு துணைவருடன் ஓர் அரக்கன் ஆகாயத்தில் வந்து நின்று, தான் இராவணனுடைய தம்பி என்றும், பிராட்டியைத் திருப்பி அளிக்கும்படி தமையனுக்குப் பலமுறை உரைத்தும் அவன் கேளாது அவமதித்தான் என்றும், மனைவி மக்களை விட்டு இராகவனைச் சரணமாகப் பற்ற வந்திருப்பதாகவும் உரத்த குரலில் அறிவிக்கிறான். வந்தவன் ஒற்றனாயின் சேனைக்கே கேடு. மெய்யாகவே சரணடைய வந்தவனாயின், அவனைத் தள்ளுவது பெருமாளுடைய ஸ்வரூபத்துக்கே கேடு. இருபுறமும் இழப்பு பெரிது. அவகாசமோ சிறிது.

முதலில் பேசியவர் ஸுக்ரீவ மஹாராஜர். வந்தவன் பகைவன், ஆயுதம் தாங்கியவன், வேண்டிய உருவம் எடுக்க வல்லவன். ஆதலால் பிடித்துக் கொல்ல வேண்டும் என்றார். இது ஆராய்ச்சியின் விளைவு அன்று, கண்டவுடன் எழுந்த அச்சம். ஆயினும் அதைக் குறையாக நம் பெரியோர் எண்ணுவதில்லை. எம்பெருமானுக்கு என்ன நேருமோ என்று பரிவின் மிகுதியால் அஞ்சுவதை, 'அஸ்தானே பயசங்கை' என்று அன்பின் கணக்கிலேயே சேர்ப்பர். எனினும் அன்பினால் பிறந்த அச்சமும் தவறான இடத்தைச் சுட்டக்கூடும். இதே மஹாராஜர் முன்பு ருச்யமூக மலையில் இருந்தபோது, வில்லேந்தி வந்த இராம லக்ஷ்மணரைக் கண்டு வாலி அனுப்பிய ஆட்கள் என்று நடுங்கி ஓடவில்லையா? வாலியால் துரத்துண்டு வாழ்ந்த நெஞ்சு, வருகிறவரையெல்லாம் வாலியின் கண்கொண்டே பார்த்தது.

பெருமாள் அவருடைய சொல்லை மறுக்காமல், அருகிருந்த மற்றவர்களின் கருத்தையும் வினவினார். அங்கதன், குணத்தையும் குற்றத்தையும் எடை போட்டு, குணம் மிகுந்தால் ஏற்கலாம், குற்றம் மிகுந்தால் விலக்கலாம் என்றான். சரபன், ஒற்றரை அனுப்பி நுட்பமாக அறிந்து பின் ஏற்கலாம் என்றான். சாஸ்திரம் கற்ற ஜாம்பவான், பகைவனிடமிருந்து வந்தவன், வரத்தகாத இடத்துக்கு வரத்தகாத காலத்தில் வந்திருக்கிறான், ஆதலால் ஐயத்துக்குரியவன் என்றார். மைந்தன், இனிய மொழிகளால் மெல்ல மெல்ல விசாரித்து உள்ளக்கிடையை அறியலாம் என்றான். நால்வருடைய யோசனைகளும் நீதி சாஸ்திரத்துக்கு உடன்பட்டவையே. இன்று எந்த அலுவலகத்திலும் ஆளை நியமிக்கும்போது இவற்றையே செய்கிறார்கள்.

இறுதியாகப் பேசியவர் சிறிய திருவடி. வாதத்துக்காகவோ போட்டிக்காகவோ, தம் அறிவைக் காட்டும் ஆசையினாலோ பேசவில்லை, காரியத்தின் கனத்தை எண்ணியே பேசுகிறேன் என்ற முன்னுரையோடு அவர் தொடங்குகிறார். ஸபைகளில் பேசுவோர் அனைவரும் மனனம் செய்யத்தக்க முன்னுரை அது. பின்பு ஒவ்வொரு யோசனையையும் எடுத்து ஆராய்கிறார்.

குணதோஷங்களைப் பரீக்ஷிக்க வேண்டுமானால் ஒருவனை ஒரு வேலையில் ஏவிப் பார்க்க வேண்டும். ஏவாமல் திறம் தெரியாது. அறியாதவனை உடனே ஏவுவதோ பிழை. ஆகவே அங்கதன் கூறிய சோதனை இந்த இடத்தில் செய்ய இயலாதது. ஒற்றரை அனுப்புவது தொலைவில் இருப்பவன் விஷயத்தில் பயன்படும். எதிரே வந்து நின்று தன் பெயரும் குலமும் காரணமும் தானே சொல்பவனிடம் ஒற்றருக்கு என்ன வேலை? ஜாம்பவான் கூறிய இடமும் காலமும் பற்றிய ஐயத்தைத் திருவடி அப்படியே திருப்பிவிடுகிறார். இராவணனுடைய தீமையையும் இராகவனுடைய பராக்ரமத்தையும் நிறுத்துப் பார்த்த ஒருவன் வருவதற்கு இதைவிடத் தக்க இடமும் காலமும் ஏது? ஒரே அடையாளம் ஒருவருக்கு ஐயத்தையும் மற்றொருவருக்குத் தெளிவையும் தருவது ஆழ்ந்து நோக்கத்தக்கது. மைந்தன் கூறிய விசாரணையிலோ வேறொரு கேடு உண்டு. அறிவுள்ளவனைத் திடீரென்று குடைந்து கேட்டால் அவன் மனம் சுளிக்கும். நல்லெண்ணத்தோடு வந்தவனாயின் வாய்த்த நட்பே கெட்டுப்போகும்.

இங்கே திருவடி ஆராய்ச்சியையே பழிக்கவில்லை. எந்தச் சோதனையை எந்த இடத்தில் செய்ய இயலும், எந்தச் சோதனை சோதிக்கப்படும் பொருளையே கெடுத்துவிடும் என்று பகுத்துப் பார்ப்பதும் ஆராய்ச்சியின் ஒரு படி. மற்ற நால்வரும் அந்தப் படியில் கால் வைக்கவில்லை. வழக்கமாகச் செய்வது எதுவோ அதைச் சொன்னார்கள்.

அதன் பின்பே அவர் தம் உள்ளத்துக்குத் தோன்றியதைக் கூறுகிறார். வந்தவனுடைய பேச்சில் கெட்ட எண்ணத்தின் சாயல் இல்லை. முகம் தெளிந்திருக்கிறது. வஞ்சகன் இவ்வாறு அச்சமின்றி நிலைகொண்ட மனத்தோடு முன்வரமாட்டான். எவ்வளவு மறைத்தாலும் அகத்தின் நிலை புறத்தே கசிந்துவிடும் என்கிறார். பெருமாளே முன்பு திருவடியை இவ்வாறுதான் அளந்தார். பிக்ஷு வேடத்தில் வந்து பேசிய திருவடியின் சொல்லில் இலக்கண வழு ஒன்றேனும் இல்லை என்றும், முகத்திலோ கண்ணிலோ புருவத்திலோ விகாரம் காணப்படவில்லை என்றும் இளைய பெருமாளிடம் வியந்து கூறியது கிஷ்கிந்தா காண்டத்தில் உள்ளது. அவ்வாறு அளக்கப்பட்டவரே இப்போது அதே அளவுகோலால் மற்றொருவரை அளக்கிறார்.

ஆனால் முகத்தைப் பார்த்துச் சொன்னது மட்டும் என்று கொள்ளலாகாது. இலங்கையில் இராவண ஸபையில் தாம் கட்டுண்டு நின்றபோது, தூதனைக் கொல்வது தகாது என்று தமையனை எதிர்த்துப் பேசி உயிரைக் காத்தவன் இந்த விபீஷணனே என்பதைத் திருவடி நேரில் அறிவார். இச்சபையில் அவர் அதை எடுத்துரைத்ததாக வால்மீகி கூறவில்லை. கம்பநாட்டாழ்வார் மட்டும் இச்செய்தியை அனுமன் வாயிலாகவே வெளிப்படுத்துகிறார். திரிசடை விபீஷணனுடைய மகள் என்பதும் கம்பரிடத்தில் சான்றாகிறது. மூலத்தில் உள்ளுறையாக இருந்ததைத் தமிழ்க்கவி வெளியே எடுத்து வைத்தார் என்னலாம். உள்ளுணர்வு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இத்தகையதே. கண்டதும் கேட்டதும் நெஞ்சின் அடியில் தங்கி, வேண்டிய நேரத்தில் காரணம் சொல்லாமல் முடிவை மட்டும் மேலே அனுப்புகின்றன.

பெருமாள் திருவடியின் சொல்லைக் கேட்டு உகந்தார். நட்பென்று சொல்லி வந்தவனை, குற்றமே இருப்பினும் கைவிடமாட்டேன் என்றார். மஹாராஜர் விடவில்லை. ஆபத்தில் உடன்பிறந்தானையே விட்டு வந்தவன் வேறு யாரைத்தான் விடமாட்டான் என்று கேட்டார். தமையனோடு பகைத்து அரசு பெற்றவரே இதைக் கேட்டது ஒரு விநோதம். பெருமாள் புன்முறுவலுடன், பெரியோரை அண்டிக் கற்றவனே இப்படிப் பேச முடியும் என்று அவரைப் பாராட்டிவிட்டு, அரச குலங்களில் தாயாதிகள் ஒருவரையொருவர் ஐயுறுவது இயல்பென்றும், நாம் அவனுடைய குலத்தவர் அல்லராதலால் அவனுக்கு நம்மிடம் அந்த ஐயம் இல்லையென்றும், அவன் அரசை விரும்பி வந்திருக்கலாம் என்றும், எல்லாத் தம்பியரும் பரதனைப் போன்றவர் அல்லர் என்றும் அரசியல் காரணங்களை அடுக்குகிறார். உணர்ச்சியால் பேசும் நண்பனுக்கு உணர்ச்சியால் விடையளிக்கவில்லை.

அதற்கும் மஹாராஜர் தெளியாதபோது பெருமாள் மேலும் இரண்டு செய்கிறார். முதலாவது, இழப்பின் அளவை நிர்ணயித்தல். அவன் தீயவனேயானாலும் என்னை அணுவளவும் துன்புறுத்த இயலாது. விரல் நுனியால் பிசாசரையும் தானவரையும் அழிக்க வல்லேன் என்கிறார். மனிதனுக்கு இவ்வல்லமை இல்லை என்பது உண்மைதான். எனினும், தவறிப்போனால் தாங்க முடியுமா என்னும் கேள்வி எவருக்கும் உரியது. தாங்கக்கூடிய இடத்தில் நம்பலாம். தாங்க முடியாத இடத்தில் முகத்தெளிவு மட்டும் போதாது. இரண்டாவது, எத்தகைய ஆராய்ச்சிக்கும் உட்படுத்தாத விரதம் ஒன்று தமக்கு உண்டென்று வெளியிடுதல். தன் பேடையைப் பிடித்த வேடனுக்கே தன் உடலை உணவாக ஈந்த புறாவையும், கண்டு மஹர்ஷியின் வாக்கையும் எடுத்துரைத்து, ஒருமுறை சரணம் என்றவர்க்கு எல்லா உயிர்களிடமிருந்தும் அபயம் அளிப்பதே தம் விரதம் என்றும், வந்தவன் விபீஷணனாயினும் இராவணனேயாயினும் அழைத்து வருக என்றும் அருளுகிறார்.

இதன் பின் மஹாராஜர் கூறும் சொல்லைப் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். விபீஷணன் தூயவன் என்று தம் அந்தராத்மாவும் அறிகிறது என்றும், அநுமானத்தாலும் பாவத்தாலும் அவன் எல்லாப் புறத்தும் நன்கு பரீக்ஷிக்கப்பட்டவன் என்றும் அவர் இசைகிறார். அநுமானம் என்பது காரணங்களால் ஊகித்தறிதல். பாவம் என்பது உள்ளக் கருத்து, அதை வெளிக்காட்டும் குறிப்பு. அந்தராத்மா என்பது அகத்தின் சாட்சி. மூன்றும் ஒரே வாக்கியத்தில் ஒன்றுக்கொன்று முரணாகாமல் நிற்கின்றன. தொடக்கத்தில் அச்சமாகப் பேசிய அதே நெஞ்சு, காரணங்களைக் கேட்டபின் சாட்சியாகப் பேசுகிறது. நெஞ்சு மாறியதற்குக் காரணம் அதை யாரும் அடக்காததும், அதனோடு பொறுமையாகப் பேசியதுமே.

நெஞ்சின் சாட்சியைப் பிரமாணமாகக் கொள்ளலாமா என்பது வடமொழி சாஸ்திரங்களில் பழைய விவாதம். மநு, தர்மத்துக்கு மூலங்களைக் கூறுமிடத்து வேதம், ஸ்ம்ருதி, ஸாதுக்களின் ஆசாரம் ஆகியவற்றுக்குப் பின் ஆத்மதுஷ்டி என்னும் மனநிறைவையும் சேர்த்தார். சாகுந்தலத்தில் துஷ்யந்தன், ஐயம் எழும் இடங்களில் நல்லோருடைய அந்தக்கரணத்தின் போக்கே பிரமாணம் என்று கருதுகிறான். காளிதாஸனுடைய இவ்வாசகத்தை மீமாம்ஸகரான குமாரிலபட்டர் தமது தந்த்ரவார்த்திகத்தில் எடுத்தாண்டிருப்பது குறிப்பிடத்தக்கது. ஆனால் 'நல்லோருடைய' என்னும் அடைமொழியை விட்டுவிட்டுப் படிப்பது வழக்கமாகிவிட்டது. 'எனக்குத் தோன்றியது, செய்தேன்' என்று சொல்ல ஆயத்தமாக இருப்பவர் பலர். எதைப் பயின்ற நெஞ்சுக்கு எதில் தோன்றியது என்று கேட்பார் சிலர். தமிழில் வள்ளுவரும் தெரிந்துசெயல்வகை, தெரிந்துதெளிதல், குறிப்பறிதல் என மூன்று அதிகாரங்களைத் தனித்தனியே வைத்தார். குறிப்பறிதலில் முகத்தைப் பளிங்குக்கு ஒப்பிட்டவரே, தெரிந்துதெளிதலில் ஆராயாமல் ஒருவரை நம்புதல் நீங்காத துன்பம் தரும் என்கிறார்.

திருவடியின் நெஞ்சுக்கும் ஒருமுறை தவறாகத் தோன்றியதுண்டு. ஸுந்தரகாண்டத்தில், இரவில் இராவணனுடைய அந்தப்புரத்தில் பேரழகுடன் உறங்கும் மண்டோதரியைக் கண்டவுடன் இவளே ஸீதை என்று எண்ணி, தோள் தட்டி, வாலை முத்தமிட்டு, தூண்களில் ஏறிக் குதித்து மகிழ்ந்தார். தேடித் தேடிக் களைத்த மனம், கிடைத்ததைத் தேடியதாகவே கண்டது. அடுத்த கணம் அவரே நிதானித்தார். இராமனைப் பிரிந்த பிராட்டி உறங்குவாளா, உண்பாளா, அணி பூணுவாளா, மது அருந்துவாளா என்று எண்ணி, இவள் வேறொருத்தி என்று தெளிந்து மீண்டும் தேடப் புறப்பட்டார். அசோகவனத்தில் பிராட்டியைக் கண்டபோதோ உடனே குதித்து முன்செல்லவில்லை. அந்தணர் போல ஸம்ஸ்க்ருதம் பேசினால் இராவணன் என்று அஞ்சுவாளே என்று நெடுநேரம் சிந்தித்து, மரத்தில் இருந்தபடியே இராம சரிதத்தைச் சொல்லத் தொடங்கினார்.

மாரீசனுடைய குரலும் இங்கு நினைவுக்குரியது. பெருமாளின் குரலைப் போலவே ஸீதை, லக்ஷ்மணன் என்று பெயர் சொல்லி அவன் அலறினான். பிராட்டி அன்பின் மிகுதியால் துடித்தாள். இது அவர் குரல் அன்று, அரக்கரின் மாயை என்று இளைய பெருமாள் காரணம் காட்டினார். கேளாமற் போயிற்று. (அவர் கோடு கிழித்துச் சென்றார் என்று நம் ஊர்களில் சொல்லும் கதை வால்மீகியில் இல்லை.) இன்று பிள்ளையின் குரலை இயந்திரத்தால் செய்து பெற்றோரிடம் பணம் பறிக்கிறார்கள். போலீஸ் அதிகாரி வேடத்தில் தொலைபேசித் திரையில் தோன்றி, வீட்டை விட்டு அசையாதே என்று மிரட்டி வங்கிச் சேமிப்பைக் கவர்கிறார்கள். 'டிஜிட்டல் கைது' எனப்படும் இம்மோசடி குறித்துப் பிரதமரே 2024 அக்டோபரில் வானொலி உரையில் எச்சரிக்க நேர்ந்தது. இவர்கள் அனைவரும் செய்வது ஒன்றே: எதிராளிக்குச் சிந்திக்க நேரம் தராதிருத்தல். விபீஷணாழ்வானோ ஆகாயத்தில் நின்றபடியே, தம்மைப் பற்றிய ஆலோசனை முடியும் வரை காத்திருந்தார். அவஸரப்படுத்துகிறவனுக்கும் காத்திருப்பவனுக்கும் உள்ள இவ்வேற்றுமையைக் காணச் சாஸ்திர ஞானம் தேவையில்லை.

மேனாட்டு உளவியலாரும் இவ்விஷயத்தை ஆராய்ந்துள்ளனர். 2002-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற டேனியல் கானெமன், சட்டென்று எழும் தீர்ப்புகளில் உள்ள பிழைகளை ஆராய்ந்தவர். கேரி க்ளைன் என்பவரோ தீயணைப்புப் படைத்தலைவர்களுடைய உள்ளுணர்வின் நேர்த்தியைக் கண்டு வியந்தவர். எதிரெதிர்க் கொள்கையினரான இவ்விருவரும் 2009-இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். ஒரு துறை ஒழுங்குடையதாக இருந்து, அதில் நீண்ட காலம் பழகித் தன் பிழைகளைக் கண்டு திருந்தும் வாய்ப்பும் ஒருவருக்கு இருந்தால் அவருடைய உள்ளுணர்வை நம்பலாம். அவ்விரண்டும் இல்லாத இடத்தில் மனவுறுதி மட்டும் சான்றாகாது என்பதே அது.

தரங்கம்பாடிக்கும் காரைக்காலுக்கும் இடையே உள்ள பூவத்தினருக்கு இதை விளக்க நூல் வேண்டுவதில்லை. கிழக்கே கடற்கரைக் குப்பங்களில், வாடையையும் கச்சானையும் உடம்பிலேயே உணர்ந்து, இன்று படகு இறக்கலாமா என்று கரையில் நின்றபடியே சொல்லும் முதியவர்கள் உண்டு. அவர்களைக் கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. கடல் அவர்களுக்குத் தினந்தோறும் கற்பித்த பாடம் அது. ஆனால் 2004 டிசம்பர் 26 காலையில் வந்த ஆழிப்பேரலையை அக்கடல் அதற்குமுன் அவர்களுக்குக் கற்பித்ததில்லை. ஆதலால் அத்தகைய அனுபவமும் அன்று முன்னறிவிப்புத் தர இயலாமற் போயிற்று. 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது இக்குறையை நிரப்பவே. நாள்தோறும் பழகிய காற்றுக்கு முதியவருடைய சொல், காணாத அலைக்குக் கருவியின் சொல் என்று இரண்டையும் கேட்கும் பிள்ளைகள் இப்போது வளர்ந்திருக்கிறார்கள். கடைமடை உழவர் நிலையும் இதுவே. மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பார்கள் என்னும் செய்தி ஒரு கணக்கு. அது வாய்க்காலின் கடைசி வயலுக்கு என்று வந்து சேரும் என்பது பல ஆண்டுகள் மடையில் நின்றவனின் மனக்கணக்கு. ஒன்றை மட்டும் நம்பிக் குறுவைக்கு விதை நனைத்தவர் வருந்தியதுண்டு.

திருமணம், நிலம் வாங்குதல், பிள்ளையை வெளிநாடு அனுப்புதல் போன்றவற்றுக்கு ஸந்நிதிகளில் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கமும் இங்கே உண்டு. வெள்ளைப் பூவோ சிவப்புப் பூவோ என்று பொட்டலம் எடுப்பதற்கு முன்பு, மாப்பிள்ளையின் ஊரில் நாலு பேரிடம் விசாரித்தாயிற்றா, பத்திரத்துக்கு வில்லங்கம் பார்த்தாயிற்றா என்று கேட்கும் அர்ச்சகர் தம் கடமையைச் செய்தவராவார். பெருமாளே நால்வர் ஐவரைக் கேட்ட பின்புதான் தம் திருவுள்ளத்தை வெளியிட்டார். இன்னொன்றும் உண்டு. பூ எது வந்தாலும், பொட்டலத்தைப் பிரிக்கும் அந்தக் கணத்தில் முகம் மலர்ந்ததா வாடியதா என்பதை வந்தவரே கவனித்தால், தம் உள்ளம் முன்பே எதைத் தீர்மானித்திருந்தது என்று தெரிந்துவிடும்.

விபீஷணாழ்வானை ஏற்ற முடிவின் பயன் யுத்தகாண்டம் முழுவதும் தொடர்கிறது. சுகன், ஸாரணன் என்னும் ஒற்றர்கள் வானர உருவில் புகுந்தபோது இனம் கண்டு பிடித்தவர் அவர். அவருடைய துணைவர் நால்வரும் பறவை உருவில் இலங்கைக்குள் சென்று வாயில்தோறும் நின்ற காவலை அறிந்து வந்தனர். இந்திரஜித் கொன்றது மாயாஸீதை என்றும், நிகும்பிலையில் அவன் வேள்வி முடிவதற்குள் தடுக்க வேண்டும் என்றும் உரைத்தவரும் அவரே. ஆனால் ஏற்ற அன்று இவற்றில் ஒன்றும் எவருக்கும் தெரியாது. தெரியாத நிலையிலேயே இளைய பெருமாளைக் கொண்டு கடல்நீர் கொணரச் செய்து, அக்கரையிலேயே இலங்கைக்கு அரசனாக அபிஷேகம் செய்வித்தார்.

அவ்வாழ்வான் பின்பு எம்பெருமானுடைய கிடந்த திருக்கோலத்தைத் திருவரங்கத்தில் ஸேவித்து, நடையழகையும் காண ஆசைப்பட, அதைத் திருக்கண்ணபுரத்தில் காட்டியருளினான் என்பது ஸ்தல புராணம். நம்மாழ்வார் திருவாய்மொழியில் ஒன்பதாம் பத்தின் பத்தாம் திருமொழியைச் சரணாகதி பரமாக அத்தலத்துக்கே அருளிச்செய்தார். திருமருகலுக்கு அருகே உள்ள அத்திவ்யதேசத்தில் அமாவாசைதோறும் ஸௌரிராஜப் பெருமாள் விபீஷணாழ்வானுக்கு நடையழகு ஸேவை ஸாதிக்கிறார். மாசி மகத்தன்று அப்பெருமாளே திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு எழுந்தருளி, அங்குள்ள மீனவ மக்களால் மாப்பிள்ளை என்று வரவேற்கப்பட்டுத் தீர்த்தவாரி கண்டருள்கிறார். பூவம் சுற்றுவட்டாரத்தார் மகத்தன்று கடற்கரைக்குச் செல்வதோடு, ஓர் அமாவாசையன்று கண்ணபுரம் சென்று அந்நடையழகையும் ஸேவித்து வருதல் நன்று.